நோயாளரைத் தாங்கிய கரங்கள்: புனித கமிலஸ் தே லெலிஸ்



உங்கள் குடும்பத்தில் எவரேனும் வைத்தியசாலையில் தங்கியிருந்த நாட்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். சிகிச்சையளித்த வைத்தியரின் பெயர் உங்கள் நினைவில் இருக்கும். பொறுப்பாயிருந்த தாதியின் முகமும் மறந்திருக்காது. ஆனால் நள்ளிரவில் உங்கள் தந்தையைப் புரட்டிப் படுக்க வைத்தவர் யார்? தாயின் கட்டிலருகே தரையில் சிந்தியதைத் துடைத்தவர் யார்? சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசல்வரை தள்ளுவண்டியைத் தள்ளிச் சென்றவர் யார்? அவர்களின் பெயரை நாம் பெரும்பாலும் கேட்டறிவதில்லை. தாதி உதவியாளர், சிற்றூழியர், பராமரிப்பாளர் எனப் பல பெயர்களால் அழைக்கப்படும் இவர்களே நோயாளியின் உடலோடு மிக நெருங்கி நிற்பவர்கள். அதனாலேயே நோயாளியின் பாரம் இவர்களது முதுகில் இறங்குகின்றது. நோயாளியின் தொற்றும் இவர்களது கைகளை முதலில் தொடுகின்றது.

இத்தகைய பணியாளர்களுக்குத் திருச்சபை ஒரு புனிதரைப் பாதுகாவலராகத் தந்திருக்கின்றது. அவர் மேலிருந்து இப்பணியைப் பார்த்தவரல்லர். வைத்தியசாலை ஒன்றில் நோயாளியாகப் படுத்திருந்தவர். அங்கேயே கடைநிலைப் பணியாளராக வேலை செய்தவர். ஒழுங்கீனத்திற்காக அந்த வேலையிலிருந்து விலக்கப்பட்டவர். ஆறாத புண்ணொன்றைக் காலில் சுமந்தபடியே பிறருடைய புண்களைக் கழுவியவர். அவரே புனித கமிலஸ் தே லெலிஸ். அன்பு என்பது இரக்கப்படுவதோடு முடிந்துவிடுவதில்லை, தன் பொறுப்பில் உள்ளவருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் அன்பின் கடமையே என்பதை இவரது வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது. அத்தோடு, காப்பவரைக் காப்பது யார் என்ற கடினமான கேள்வியையும் அது நம் முன் வைக்கின்றது.

போர்வீரனும் சூதாடியும்

1550ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, அக்காலத்தில் நாப்போலி அரசுக்கு உட்பட்டிருந்த புக்கியானிக்கோ என்னும் இத்தாலிய ஊரில் கமிலஸ் பிறந்தார். தாய் கமிலா, பிள்ளைப்பேற்றுக்குரிய வயதைக் கடந்துவிட்டார் என ஊரார் எண்ணியிருந்த காலத்தில் பெற்ற மகன் அவர். மகனைக் கருத்தாங்கியிருந்தபோது தாய் ஒரு கனவு கண்டதாக மரபு கூறும். மார்பில் சிவப்புச் சிலுவை அணிந்த சிறுவன் ஒருவன், அதே அடையாளம் தரித்த சிறுவர் கூட்டத்தின் முன்னே நடந்து சென்றானாம். தன் மகன் கொள்ளைக் கூட்டத் தலைவனாகி விடுவானோ என்று அத்தாய் கலங்கினார். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானபோதே அவர் கண்மூடினார்.

தந்தை ஜொவான்னி படை அதிகாரி. போர் முகாம்களே அவரது வீடு. தாயற்ற மகனும் அதே வழியில் நடந்தான். ஆறரை அடி உயரம், அதற்கேற்ற உடல் வலிமை, எளிதில் மூளும் கோபம் ஆகியவற்றோடு வளர்ந்த அவ்விளைஞனைச் சூதாட்டம் இறுகப் பற்றிக்கொண்டது. தந்தையோடு வெனிஸ் நகரின் படையிற் சேரப் புறப்பட்ட காலத்தில் தந்தை இறந்தார். அக்காலத்திலேயே கமிலஸின் காலில் ஒரு புண் தோன்றியது. ஆரம்பத்தில் சிறிதாய் இருந்த அது, நாளடைவில் நடப்பதையே வேதனையாக்கியது. அன்றைய வைத்திய அறிவால் அதை முற்றாக ஆற்ற முடியவில்லை. அந்தப் புண் அவரது மரணம்வரை, ஏறக்குறைய 46 ஆண்டுகள், அவரை விட்டு நீங்கவில்லை.

1571ஆம் ஆண்டு, சிகிச்சை நாடி உரோமை நகரின் புனித யாகப்பர் வைத்தியசாலைக்கு அவர் சென்றார். தீராத நோயுற்றோர்க்கென அமைந்த வைத்தியசாலை அது. சிகிச்சைக்குக் கொடுக்கப் பணமில்லாத நிலையில், அங்கேயே நோயாளரைப் பராமரிக்கும் வேலையும் செய்தார். ஆனால் அவருடைய மனம் அவ்வேலையில் நிலைக்கவில்லை. சீட்டாட்டத்தில் நாட்டம், சக பணியாளரோடு ஓயாத சண்டை. சில மாதங்களில் நிர்வாகம் அவரை வெளியேற்றியது. நோயாளர்களின் பாதுகாவலராகப் பிற்காலத்தில் போற்றப்படவிருந்தவர், முதலில் நோயாளர் நடுவே பணியாற்றத் தகுதியற்றவர் எனத் தீர்க்கப்பட்டார். மனித பலவீனத்தைக் கண்டு எளிதில் மனந்தளரும் நமக்கு இது எத்துணை ஆறுதல்!

வாழ்வைத் திருப்பிய நாள்

மீண்டும் படைக்குச் சென்றார். துருக்கியருக்கு எதிரான போர்களில் வெனிஸ் நகருக்காகப் பணியாற்றினார். 1574ஆம் ஆண்டளவில் நாப்போலி நகரில் சூதாட்டம் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்தது. வாளும் போயிற்று; உடுத்த சட்டையும் போயிற்று. மன்பிரதோனியா என்னும் ஊரில் ஆலய வாசலில் கையேந்தி நிற்கும் நிலை வந்தது. அங்கே கப்புச்சின் துறவிகள் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் கூலி வேலை கிடைத்தது. படை அதிகாரியின் மகன் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தான்.

1575ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி, ஆண்டவர் ஆலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாள். சன் ஜொவான்னி ரொத்தொந்தோ மடத்தின் தலைவர் முந்திய நாள் கூறிய அறிவுரை நெஞ்சில் தைத்திருக்க, கமிலஸ் மன்பிரதோனியாவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். வழியிலே அருள் அவரை ஆட்கொண்டது. கற்கள் நிறைந்த நிலத்தில் முழந்தாளிட்டுத் தன் பழைய வாழ்வுக்காகக் கண்ணீர் விட்டு அழுதார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அந்த நாளைத் தம் மனமாற்றத்தின் நாளாக வாழ்நாள் முழுதும் அவர் நினைவுகூர்ந்தார்.

கப்புச்சின் சபையிற் சேர்ந்து துறவியாக விரும்பினார். ஆனால் துறவற ஆடையின் உராய்வினால் காலிலிருந்த புண் மீண்டும் கிளர்ந்தது. சபையார் அவரைச் சிகிச்சைக்காகத் திருப்பி அனுப்பினர். பின்னொருமுறை முயன்றபோதும் அதே புண் தடையாயிற்று. வாசல் அடைபட்டதாகத் தோன்றிய அந்த இடத்திலேதான் ஆண்டவர் வேறொரு வாசலைத் திறந்தார். முன்பு தன்னை வெளியேற்றிய அதே புனித யாகப்பர் வைத்தியசாலைக்குக் கமிலஸ் திரும்பிச் சென்றார். இம்முறை நோயாளியாக மட்டுமன்றி, மனமுவந்த பணியாளராகவும் சென்றார்.

பணியாளரின் கண்ணோடு

அன்றைய வைத்தியசாலைகளின் நிலையை நாம் அறிந்துகொண்டால்தான் கமிலஸ் செய்ததன் பெருமை விளங்கும். நோயாளரைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் வேறு வேலை கிடைக்காமல் கூலிக்கு வந்தவர்கள். பயிற்சி இல்லை, ஊதியம் சொற்பம், மேற்பார்வையும் குறைவு. எழுந்திருக்க இயலாத நோயாளியின் அருகே உணவை வைத்துவிட்டுப் போவதும், அழுக்குப் படுக்கையை மாற்றாமல் விடுவதும், இரவில் நோயாளர் கூப்பிட்டால் கேளாதிருப்பதும் சாதாரணமாயிருந்தன. கவனிப்பாரின்றி மரித்தவர் பலர்.

கமிலஸ் இவற்றை வெளியிலிருந்து வந்த விருந்தினராகக் காணவில்லை. கட்டிலில் படுத்திருந்த நோயாளியாகவும், கடமையைப் புறக்கணித்த ஊழியராகவும் அவற்றை உள்ளிருந்தே அறிந்திருந்தார். எனவே எங்கே தவறு நிகழும், எந்த நேரத்தில் நிகழும் என்பது அவருக்குத் தெரியும். அவரது உழைப்பையும் நேர்மையையும் கண்ட நிர்வாகம், காலப்போக்கில் வைத்தியசாலையின் அன்றாட மேலாளர் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தது. உணவின் தரத்தைத் தாமே பார்த்தார். படுக்கைகளைச் சோதித்தார். இரவு வேளைகளில் விடுதிகளைச் சுற்றிவந்தார்.

ஆயினும் மேற்பார்வையினால் மட்டும் அன்பை உண்டாக்க முடியாதென்பதை அவர் உணர்ந்தார். 1582ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவை அண்டிய ஓரிரவில், ஒரு புதிய எண்ணம் அவருள்ளத்தில் உதித்தது. ஊதியத்திற்காகவன்றி இறைவனுக்காகவே நோயாளருக்குப் பணிபுரியும் மனிதர் சிலரை ஒன்றுசேர்த்தால் என்ன? ஒரு தாய் தன் ஒரே பிள்ளையின் நோய்ப்படுக்கையருகே எவ்வாறு விழித்திருப்பாளோ, அவ்வாறு நோயாளரருகே விழித்திருப்போர் சிலர் போதும் என எண்ணினார்.

எதிர்ப்பு வந்தது. வைத்தியசாலையைத் தம் கையில் எடுத்துக்கொள்ளப் பார்க்கின்றார் என நிர்வாகத்தினர் சிலர் ஐயுற்றனர். அவருடைய ஆன்ம குருவான புனித பிலிப்பு நேரியும், புனித யாகப்பர் வைத்தியசாலையை விட்டுச் செல்லும் முடிவை ஏற்கவில்லை. கமிலஸ் மனம் நொந்தாலும் பின்வாங்கவில்லை. குருவானால் இப்பணி உறுதிபெறும் எனக் கண்டு, முப்பத்திரண்டு வயதில் இயேசு சபையாரின் உரோமைக் கல்லூரியில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். 1584ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து நாடிழந்து உரோமையில் வாழ்ந்த ஆயர் தோமஸ் கோல்ட்வெல் அவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார்.

அதன்பின் தம் தோழரோடு உரோமையின் பெரிய வைத்தியசாலையான தூய ஆவி வைத்தியசாலையில் நாள்தோறும் பணியாற்றினார். 1586ஆம் ஆண்டு பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவர்களது குழுவை அங்கீகரித்து, கறுப்பு அங்கியின் மீது சிவப்புச் சிலுவை அணியவும் அனுமதியளித்தார். தாயின் கனவு நிறைவேறிற்று. கொள்ளைக் கூட்டத்தின் அடையாளம் என அவர் அஞ்சியது, இரக்கத்தின் அடையாளமாயிற்று. பிற்காலத்தில், 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையால் ஏற்கப்பட்ட செஞ்சிலுவைச் சின்னம் வேறு வரலாற்றை உடையது. எனினும் அதற்கு ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன்பே சிவப்புச் சிலுவை அணிந்தோர் நோயாளரைத் தேடிச் சென்றனர் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூரலாம். 1591ஆம் ஆண்டு பாப்பரசர் பதினான்காம் கிரகோரி இக்குழுவைத் துறவற சபையாக உயர்த்தினார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளோடு, கொள்ளைநோய் கண்டவராயினும் நோயாளருக்குப் பணிபுரிவோம் என்னும் நான்காவது வார்த்தைப்பாட்டையும் அவர்கள் எடுத்தனர்.

தீங்கு நேராமற் காத்தல்

அன்பான வாசகர்களே, கமிலஸின் அன்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கவனியுங்கள். விடுதிகளுக்குள் நல்ல காற்று வரவேண்டும் என்றார். ஒவ்வொரு நோயாளிக்கும் அவரது நிலைக்கேற்ற உணவு தரப்பட வேண்டும் என்றார். தொற்றுநோய் கண்டவர் ஏனையோரிடமிருந்து தனியே வைக்கப்பட வேண்டும் என்றார். கிருமிகளைப் பற்றி எவரும் அறிந்திராத காலம் அது. கூர்ந்து பார்த்த அன்பு, விஞ்ஞானம் பின்னர் விளக்கவிருந்ததை முன்னதாகவே நடைமுறையில் கண்டுகொண்டது.

மற்றொரு கொடுமையையும் அவர் கண்டார். உணர்விழந்து கிடந்த சிலர், இறந்துவிட்டனரென அவசரமாகத் தீர்க்கப்பட்டு, உயிர் பிரியுமுன்னரே அடக்கத்திற்குக் கொண்டுசெல்லப்படும் ஆபத்து அக்கால வைத்தியசாலைகளில் இருந்தது. எனவே, ஒருவரது மூச்சு அடங்கிவிட்டதாகத் தோன்றிய பின்னரும் கால் மணிநேரம்வரை அருகிலேயே இருந்து செபிக்க வேண்டும், அவரது முகத்தை உடனே மூடிவிடக்கூடாது எனத் தம் சகோதரர்களுக்குக் கட்டளையிட்டார். அந்தச் செபம் ஆன்மாவுக்குத் துணையாயிற்று; அந்தக் காத்திருப்பு உடலுக்குக் காவலாயிற்று. பக்தியும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று கைகோத்து நின்ற இடம் அது.

1595ஆம் ஆண்டிலும் 1601ஆம் ஆண்டிலும், ஹங்கேரியிலும் குரோவேசியாவிலும் நடந்த போர்களில் காயமடைந்த வீரரைப் பராமரிக்கத் தம் சகோதரரை அனுப்பினார். படையோடு கூடவே சென்று காயமுற்றோரைக் கவனித்த முதலாவது களமருத்துவக் குழு எனப் பலர் இதனைக் குறிப்பிடுவர். முன்னர் போர்வீரனாய் இருந்தவருக்கு, வீழ்ந்த வீரனின் தாகம் தெரியாதா?

1598ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் தைபர் நதி பெருக்கெடுத்து உரோமை நகரை மூழ்கடித்தது. அந்நதியின் பதிவாகிய வெள்ளங்களில் அதுவே மிகப் பெரியது. ஆற்றங்கரையில் அமைந்திருந்த தூய ஆவி வைத்தியசாலையினுள்ளும் நீர் ஏறியது. தம்மால் நடக்க இயலாத நோயாளர் கட்டில்களிலே கிடந்தனர். கமிலஸும் அவரது சகோதரரும் நீருக்குள் இறங்கினர். ஒருவர்பின் ஒருவராக நோயாளரைத் தோளிலும் கையிலும் ஏந்தி மேல்மாடிக்குக் கொண்டு சேர்த்தனர். புண்பட்ட காலோடு அந்த அழுக்கு நீரில் நின்றவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவர் புனிதராக உயர்த்தப்பட்ட 1746ஆம் ஆண்டில், பியேர் சுப்லெராஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர் இக்காட்சியையே தீட்டினார். அவ்வோவியம் இன்றும் உரோமையில் உள்ளது.

காப்பவரைக் காப்பது யார்?

ஆனால் இந்த வரலாற்றிற்கு வேதனையான ஒரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் புகழ் பாடுவது நேர்மையாகாது. நாப்போலிக்கு அருகே கொள்ளைநோய் கண்ட கப்பல்கள் துறைமுகத்தில் நுழையவிடாமல் தடுக்கப்பட்டபோது, சபைச் சகோதரர்கள் அக்கப்பல்களுக்கே சென்று நோயுற்றவரைப் பராமரித்தனர். அப்பணியில் அவர்களிலும் சிலர் நோய் கண்டு மரித்தனர். அன்புக்காக உயிரீந்த சபையின் முதல் மக்கள் அவர்களே. 1590, 1591ஆம் ஆண்டுகளில் உரோமையில் பஞ்சமும் காய்ச்சலும் பரவியபோதும் இளஞ்சகோதரர் பலரைச் சபை இழந்தது. அக்காலத்தில் பரவிய டைபஸ் போன்ற காய்ச்சலை உடற்பேன் பரப்புகின்றது என்பதை சார்ள்ஸ் நிக்கோல் என்பவர் 1909ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். நோயாளியின் உடையைக் களைந்து, கழுவி, அணைத்துத் தூக்கிய அந்த இளைஞர்களுக்கு, ஆபத்து அந்த உடையிலேயே ஒளிந்திருந்தது தெரியாது.

பின்னர் சபைக்குள்ளேயே ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. மிலான் நகரின் பெரிய வைத்தியசாலையில் நோயாளருக்கான முழுப் பணியையும், இரவும் பகலும், சகோதரரே ஏற்கவேண்டும் எனக் கமிலஸ் விரும்பினார். சபையின் ஆலோசகர் சிலர் அஞ்சினர். அந்தப் பாரத்தைத் தாங்கச் சகோதரரின் உடல்வலு போதாது, சபையே நலிந்துவிடும் என்று அவர்கள் கருதினர். சில ஆண்டுகள் நீடித்த இவ்விவாதத்திற்கு 1600ஆம் ஆண்டின் இறுதியில் பாப்பரசர் எட்டாம் கிளமெந்து ஓர் ஒழுங்கு வகுத்துத் தீர்வு கண்டார்.

இவ்விடத்தில் யார் பக்கம் நியாயம்? வாசலில் கிடக்கும் நோயாளியைக் கண்ட கமிலஸால் பணியைக் குறைக்க முடியவில்லை. களைத்து விழும் சகோதரனைக் கண்ட மற்றவர்களால் மௌனமாயிருக்க முடியவில்லை. இரு பக்கமும் அன்பே பேசியது. நல்ல சமாரியன் காயமுற்றவனைத் தன் தோளில் சுமந்தே எருசலேம்வரை நடக்கவில்லை; தன் விலங்கின்மேல் ஏற்றினான்; சத்திரத்தில் சேர்த்தான்; சத்திரக்காரனுக்குச் செலவுக்குப் பணமும் கொடுத்தான். பராமரிப்பவனுக்குத் தேவையானதைக் கொடுப்பதும் அந்த உவமையின் பகுதியல்லவா?

கமிலஸ் தம் உடலைப் பொறுத்தவரை மிகக் கண்டிப்பாய் இருந்தார். காலின் புண்ணோடு, குடலிறக்க நோயும் 38 ஆண்டுகள் அவரை வருத்தியது. உள்ளங்காலில் வேதனை தரும் தடிப்புகள் இருந்தன. இறுதிக் காலத்தில் உண்ட உணவு வயிற்றில் தங்கவில்லை. நிற்க இயலாதபோது கட்டிலுக்குக் கட்டில் ஊர்ந்தேனும் நோயாளரைப் பார்த்துவந்தார். 1607ஆம் ஆண்டு சபைத் தலைமையை விட்டு விலகியது, ஓய்வெடுப்பதற்காகவன்று, நோயாளரோடு இருப்பதற்காகவே. 1614ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி, உரோமையில் புனித மதலேனாள் ஆலயத்தை அடுத்த இல்லத்தில், தமது அறுபத்து நான்காம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1886ஆம் ஆண்டு பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை நோயாளருக்கும் வைத்தியசாலைகளுக்கும் பாதுகாவலராகவும், 1930ஆம் ஆண்டு பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தாதியருக்குப் பாதுகாவலராகவும் அறிவித்தனர்.

புனிதரின் தியாகத்தை நாம் வணங்குகின்றோம். ஆனால் அந்தத் தியாகத்தைக் காட்டி, இன்றைய பணியாளருக்குக் கையுறையும் துணையும் ஓய்வும் கொடுக்காமல் விடுவதற்கு நமக்கு உரிமையில்லை. கமிலஸிடம் இல்லாத அறிவு இன்று நம்மிடம் இருக்கின்றது. அறிந்திருந்தும் காக்காமல் விடுவது தியாகமன்று, அது புறக்கணிப்பே.

நமக்கான பாடம்

இப்பணியைச் செய்யும் சகோதர சகோதரிகளே, படுக்கையிலுள்ள பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் வீட்டில் பராமரிக்கும் பிள்ளைகளே, கமிலஸின் அன்பு நுணுக்கங்களில் வெளிப்பட்டதைக் கண்டோம். உங்கள் அன்பும் அவ்வாறே வெளிப்படட்டும்.

பாரமான நோயாளியைத் தனியே தூக்காதீர்கள், இன்னொருவரை அழைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யப்போகின்றீர்கள் என்பதை நோயாளியிடம் முதலில் சொல்லுங்கள். கட்டிலின் சில்லையும் சக்கர நாற்காலியின் சில்லையும் பூட்டிய பின்னரே அவரை எழுப்புங்கள். இடுப்பை வளைத்துத் தூக்காமல் முழங்காலை மடித்து, அவரை உங்கள் உடலோடு நெருக்கமாக வைத்துத் தூக்குங்கள். தூக்கியபடியே முதுகைத் திருகாதீர்கள். நடந்துகொண்டிருப்பவர் மயங்கிச் சரிந்தால், முழுப் பாரத்தையும் தாங்கி நிறுத்த முயலவேண்டாம். அவரை உங்கள் உடலில் சாய்த்து, தலையைக் காத்து, மெதுவாகத் தரையில் இறக்குங்கள். அடிபட்டிருக்கின்றதா என்று பாராமல் உடனே இழுத்து நிமிர்த்தாதீர்கள். தரையில் சிந்திய நீரை அப்பொழுதே துடையுங்கள். முதியவர் ஒருவர் விழுந்து எலும்பு முறிவதற்கு ஒரு கரண்டி நீர் போதும்.

நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கையுறை அணிந்தமையால் கழுவத் தேவையில்லை என எண்ணாதீர்கள். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், அதற்குரிய பெட்டியில் உடனே இடுங்கள். ஊசி கையிற் குத்திவிட்டால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, தாமதியாமல் பொறுப்பாளருக்கு அறிவியுங்கள். ஏச்சு விழுமோ என்று அஞ்சி மறைப்போர் உண்டு. சில தொற்றுகளைத் தடுக்கும் மருந்தைச் சில மணிநேரத்திற்குள் தொடங்கினால்தான் அது நன்கு பயன்தரும். எனவே அந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவசர வேளையில் பதறாதிருக்க முன்னரே கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால், உரத்துத் துணைக்கு அழையுங்கள். 1990 என்னும் இலக்கத்துடன் இயங்கும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அறிவியுங்கள். நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவைகள் வரை பலமாக அழுத்திக்கொண்டிருங்கள். முகத்தை அவசரமாக மூடிவிடாதே எனக் கமிலஸ் இட்ட கட்டளையின் இன்றைய வடிவம் இதுவே. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் காயத்தின் மேல் இறுக அழுத்துங்கள். வலிப்பு வந்தவரின் வாயில் எதனையும் திணிக்காதீர்கள். அருகிலுள்ள கடினமான பொருட்களை அகற்றுங்கள். வலிப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். முதலுதவிப் பயிற்சி உங்கள் பங்கிலோ அருகிலோ நடந்தால் குடும்பத்தில் ஒருவராவது சென்று பயிலுங்கள். கையால் செய்து பழகாத முதலுதவி, தேவைப்படும் வேளையில் நினைவுக்கு வருவது அரிது.

நோயாளரின் உறவினராக வைத்தியசாலைக்குச் செல்லும் நம் அனைவருக்கும் ஒரு கடமை உண்டு. பணியாளரைக் கடிந்து பேசுமுன், அவர் எத்தனை மணிநேரமாக நிற்கின்றார் என எண்ணிப் பாருங்கள். நோயாளியைத் தூக்க ஒரு கை கொடுக்க முடியுமாவெனக் கேளுங்கள். அவரது பெயரைக் கேட்டறிந்து அப்பெயரால் அழையுங்கள். வீட்டிலே நோயாளியைப் பார்க்கும் மகளோ மருமகளோ இருந்தால், கிழமையில் ஓரிரவாவது அவர் நிம்மதியாக உறங்கும்படி அப்பொறுப்பை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நோயுற்றிருந்தபோது தம்மைப் பார்க்க வந்தவர்களை இறுதி நாளில் அடையாளம் காண்பதாக ஆண்டவர் கூறியிருக்கின்றார். அவரைப் பார்க்கச் செல்லும் நாம், அவரருகே இரவெல்லாம் விழித்திருப்பவரையும் பார்க்கத் தவறலாமா? ஜூலை 14ஆம் திகதி புனித கமிலஸின் திருநாள். அன்று நோயாளருக்காகச் செபிக்கும்போது, அவர்களைத் தூக்கும் கரங்களுக்காகவும், வலிக்கும் முதுகுகளுக்காகவும், அச்சத்தோடு பணிக்குச் செல்லும் உள்ளங்களுக்காகவும் மன்றாடுவோம். ஆறாத புண்ணோடு பிறர் புண்ணாற்றிய புனித கமிலஸே, நோயாளருக்காகவும் அவர்களைப் பராமரிப்போருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.